புரோமோட்டர் யாருடையது, புரதம் யாருடையது?

முடிவு நேற்று மாலை வந்தது. முனைவர் பட்ட நேர்முகத் தேர்வில் இரண்டாம் முறையில் தேறிவிட்டேன். சென்ற ஆண்டு என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். நெட் தேர்வுக்குக் கால அட்டவணை வேண்டுபவர்கள் வேறு யாரையாவது கேளுங்கள்.

புரோஸ்டேட் புற்றுநோயில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2, ஈஆர்ஜி என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் மரபணு இணைவு பற்றிக் கேட்டார்கள். "லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் வரும் பிசிஆர்-ஏபிஎல் இணைவு போலத்தான் ஐயா, இரண்டும் ஒட்டி ஒரு கலப்புப் புரதம் உண்டாகிறது" என்றேன்.

"அந்தப் புரதத்தில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வின் பங்கு எவ்வளவு?"

வாயடைத்துப் போனேன். பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பதே விடை. அடிக்கடி காணப்படும் வடிவத்தில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வின் முதல் எக்ஸான் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு துண்டு), ஈஆர்ஜி-யின் நான்காம் எக்ஸானோடு சேர்கிறது. அந்த முதல் எக்ஸான் புரதத்துக்கான குறியீடு இல்லாதது. உருவாவது தலை சற்று நறுக்கப்பட்ட ஈஆர்ஜி. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 தருவது, ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனுக்குக் கட்டுப்பட்ட புரோமோட்டர், அதாவது மரபணுவை இயக்கும் சுவிட்ச், மட்டும். பக்கத்து வீட்டு மின்கம்பியில் கொக்கி போட்டு மோட்டார் ஓட்டுவது போல, புரோஸ்டேட்டில் அடங்கிக் கிடக்க வேண்டிய ஈஆர்ஜி ஆண்ட்ரோஜன் தயவில் ஓடத் தொடங்குகிறது. லுக்கேமியாவில் கலப்புப் புரதமான கைனேஸ் நொதியே குற்றவாளி; இமாட்டினிப் என்ற மருந்து அதைப் பூட்டுகிறது. ஈஆர்ஜி-யோ படியெடுத்தல் காரணி (பிற மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதம்), அப்படிப் பூட்டுவது கடினம்.

எந்த இணைவைப் படித்தாலும் தலைப்பிலுள்ள இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். மற்றவை பிறகு.

மற்றவை:
- 2005, மிச்சிகன் பல்கலைக்கழகம், சின்னையன் குழு. சராசரியைப் பார்க்காமல், சில கட்டிகளில் மட்டும் செயல்பாடு எகிறிய மரபணுக்களைத் தேடியதால் இந்த இணைவு சிக்கியது.
- இரண்டு மரபணுக்களும் 21-ஆம் குரோமோசோமில், சுமார் 30 லட்சம் கார இணைகள் இடைவெளியில். நடுப்பகுதி அறுந்துபோனாலே இணைந்துவிடும்.
- மேலை நாட்டு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் உண்டு, ஆசியர்களிடம் குறைவு.
- ஈஆர்ஜி-யின் இடத்தில் சில கட்டிகளில் இணையும் உறவுக்கார மரபணுக்கள்: இடிவி1, இடிவி4. ஒரு வாரம் உருப்போட்டேன். யாரும் கேட்கவில்லை.

"இணைவு மட்டும் போதுமா?" என்று நிச்சயம் மடக்குவார்கள். பெரும்பாலான எலி ஆய்வுகளில் ஈஆர்ஜி தனியாக முழுப் புற்றுநோயை உண்டாக்கவில்லை. கட்டியைத் தடுக்கும் பிடென் மரபணுவும் இழக்கப்பட்டபோது உண்டாக்கியது.

குறிப்பெடுத்துப் படிப்பது எனக்கு ஒத்துவராது, வரைந்தால்தான் ஏறும். இந்த முறை கேட்பதற்கு முன்பே பலகையில் எக்ஸான்களைக் கட்டங்களாக வரைந்தேன். முதல் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தேன்.

"அது ஏன் வெறுமையாக இருக்கிறது?" என்றார் அதே பேராசிரியர்.