பாய்மரப் படகில் கார் ஸ்டீரியோ: மஞ்சள் வயரைக் கவனியுங்கள்

ஒன்டாரியோ ஏரியில் எங்கள் 27 அடிப் பாய்மரப் படகுக்கு இந்த வசந்தத்தில் ஒரு கார் ஸ்டீரியோ மாட்டினேன். படகுக்கென்றே விற்பவை விலை அதிகம். தண்ணீர் தெறிக்காமல் அறைக்குள் வைப்பதென்றால் கார் ஸ்டீரியோவே போதும். காரும் படகும் 12 வோல்ட்தான். ஆனால் காரில் சும்மா கிடைக்கிற இரண்டு விஷயங்கள் படகில் கிடையாது.

முதலாவது நெகட்டிவ். காரின் உடம்பே நெகட்டிவ் என்பதால் கருப்பு வயரை ஏதாவது இரும்பில் முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஃபைபர் கிளாஸ் படகில் அந்தக் கருப்பு, சுவிட்ச் பேனலுக்குப் பின்னாலுள்ள நெகட்டிவ் பட்டை வரை தனியாகப் போயே ஆக வேண்டும். அலுமினியப் படகுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்கணும்: ஸ்டீரியோவின் உலோகக் கூடும் ஆன்டெனா வயரின் வெளியுறையும் பெரும்பாலும் நெகட்டிவோடு சேர்ந்தே இருக்கும், அவை படகின் உடம்பைத் தொட்டு அதன் வழியே மின்சாரம் கசிந்தால் தண்ணீருக்குள் உலோகம் அரிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது சாவி. ஸ்டீரியோவில் சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர். மஞ்சள், கடிகாரத்துக்கும் நினைவகத்துக்கும் எப்போதும் பாசிட்டிவில் இருப்பது. அந்த மஞ்சள் 10 மில்லிஆம்பியர் இழுத்தால்கூட மாதத்துக்கு 7 ஆம்பியர்-மணி போய்விடும், சோலார் இல்லாமல் வாரக்கணக்கில் கட்டிக் கிடக்கும் படகுக்கு அது தேவையில்லாத செலவு. நான் இரண்டையும் சேர்த்து ஒரே பேனல் சுவிட்சில் கொடுத்துவிட்டேன். கடிகாரம் அழிந்தால் அழியட்டும், பாட்டு போனிலிருந்துதானே வருகிறது.

இப்போது முக்கியமான விஷயம். இங்கே வட அமெரிக்காவில் ஏசி (வீட்டு மின்சார) வயரிங்கில் கருப்புதான் லைவ். அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று, படகின் டிசி (பேட்டரி) நெகட்டிவுக்கு மஞ்சள் வயர் போடுவதே நல்லது என்கிறது, அமெரிக்கப் படகுத் துறை அமைப்பான ஏ.பி.ஒய்.சி.யின் தரநிலை. ஆக, ஸ்டீரியோவின் மஞ்சள் பாசிட்டிவ், புதிதாக வயரிங் செய்த படகின் மஞ்சள் நெகட்டிவ்! நிறத்தை நம்பி மஞ்சளோடு மஞ்சளை முறுக்கி, மிச்சமிருக்கும் கருப்பைப் பாசிட்டிவில் கொடுத்தால் மின்சாரம் தலைகீழாகப் பாயும். தயவுசெய்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் 7 அங்குலத்துக்குள் ஃப்யூஸ் வையுங்கள், அது ஸ்டீரியோவை விட வயரைக் காப்பாற்றத்தான். எஞ்சின் ஸ்டார்ட் பேட்டரியைத் தொடவே வேண்டாம். வயர், வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும்.

அப்புறம் ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயரும் தனித்தனியே ஸ்டீரியோ வரை வரணும், நெகட்டிவ் பட்டையில் சேர்க்கக் கூடாது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது, அதனால் துளை போடும் முன் திசைகாட்டியைப் பாருங்கள். எங்கள் படகில் அது அறைச் சுவரின் வெளிப்பக்கம் இருக்கிறது. நான் உள்ளே ஸ்பீக்கரைக் கையில் பிடித்துச் சுவரோரமாக நகர்த்த, வெளியே நின்ற மனைவி “நகருது, நகருது, 15 டிகிரி போயிடுச்சு” என்றாள். ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, படுக்கைப் பக்கம் கொண்டுபோன பிறகுதான் திசைகாட்டியின் தட்டு பழைய இடத்தில் நின்றது. அங்கேயே துளை போட்டோம்.