களி கிண்டாத களி வகுப்பு

கிருஷ்ணகிரியில் நடந்த சிறுதானியச் சமையல் வகுப்பில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தேன். கேழ்வரகு விளையும் மாவட்டத்தில் களி கிண்டக் கட்டணமா என்று வீட்டில் சிரித்தார்கள். நாங்கள் குக்கர் சோற்றில் வளர்ந்தவர்கள் என்பதை மறந்துவிட்டார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததையும், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதையும் விளக்குவதிலேயே பயிற்சியாளர் பாதி நேரத்தைக் கழித்தார். பிறகு அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு. நொய்யரிசி குழைய வெந்த பின் மாவைக் குவித்துக் கொட்டி, ஆவியில் வேகவிட்டு, கட்டி விழாமல் துடுப்பால் அழுத்திக் கிண்டுவதில்தான் களியின் வித்தை முழுவதும் இருக்கிறது. கோதுமை மாவைப் பிணைக்கும் பசையம் (குளூட்டன்) கேழ்வரகில் இல்லாததால், மாவு கொதிநீரில் வெந்து இறுகுவதே அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த இறுக்கத்தைக் கைதான் அறியும். துடுப்போ கடைசிவரை பயிற்சியாளரிடமே இருந்தது. முன்னால் நின்றவர்கள் கைப்பேசியில் படம் பிடிக்க, பின்னால் நின்ற எங்களுக்கு அவர்களுடைய முதுகுகளே தெரிந்தன.

உருண்டைகள் பார்வைக்கு அழகாக இருந்தன, உள்ளே மாவு வேகவில்லை. கீரைக் கடைசலை எதிர்பார்த்த இடத்தில் கடைச் சாம்பார் வந்தது. சந்தேகம் கேட்டவர்களுக்குக் காணொலி அனுப்புவதாகச் சொன்னார்கள். சான்றிதழை மட்டும் அன்றே, பளபளப்பான தாளில் கொடுத்துவிட்டார்கள்.