இல்லாத கால் அரிக்குது

சுங்கை சிப்புட்டில காலையிலேருந்து மழை. டிராக்டர் கவிழ்ந்ததுல போன காலோட கட்டைவிரல் இப்ப அரிக்குது! மூளை அந்தக் காலை இன்னும் கணக்குல வச்சிருக்குதாம். ரெண்டு காலுக்கும் நடுவுல கண்ணாடிய நிறுத்தி, நல்ல காலை அதுல பார்த்துக்கிட்டே ஆட்டினா எனக்குக் கொஞ்சம் அடங்குது. பார்க்கிறவங்களுக்குப் பைத்தியம் மாதிரிதான் தெரியும்.

மிச்சமிருக்கிற கால் சதை வத்த வத்த செயற்கைக் கால் தொளதொளன்னு ஆயிடும். உள்ள இன்னொரு காலுறை மாட்டணும். இதையெல்லாம் யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல.

சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) பாரம், ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எல்லாத்துக்கும் அலைஞ்சது பக்கத்து வீட்டு அக்காதான். மலாக்காவுல சொக்சோ மறுவாழ்வு மையம் இருக்கிறதே அவங்க சொல்லித்தான் தெரியும். "ஐயோ பாவம்"னு உச்சுக்கொட்டுறவங்களைவிட, "டேய், தே தாரேக் குடிக்க வரலையா?"ன்னு வாசல்ல ஹாரன் அடிக்கிற பசங்க எவ்வளவோ மேல்.

பாரம் நிரப்பத் தெரியலன்னா இன்பாக்ஸ் வாங்க. அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்.