ஒரு நட்சத்திரம், ஒரு பின்சாய்கோடு

நமக்கு யூனிக்ஸ் இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுத்த யூனிக்ஸ் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது ஒரு ஸ்கிரிப்டோடு, அதாவது வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகள் எழுதிய கோப்போடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஜூலை வரை ஒழுங்காக ஓடியது, ஆகஸ்டு 1 அன்று படுத்துவிட்டது. அதை ஓட்டுவது பாஷ், நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்களில் ஒன்று. கணக்கில் பூஜ்யத்தோடு தொடங்கும் எண்ணை பாஷ் ஆக்டல் (0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள் உள்ள எண்முறை) என்று நினைத்துக்கொள்ளும். 07 வரை பிரச்சினை இல்லை. ஆக்டலில் 8 என்ற இலக்கமே கிடையாதே, மாதம் 08 என்று வந்ததும் பிழை. இது சாதாரணப் பத்தடிமான எண்தான் என்று சொல்ல, மாறிக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெயருக்கு) முன்னால் 10# சேர்த்தேன், ஓடிவிட்டது. சாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்த அரை மணி நேரத்தில் அந்தச் செய்தி.

நம் பேட்சுக்கு லேபை நினைவுபடுத்தத் தேவையில்லை. 1979-இல் வந்த போர்ன் ஷெல்லுக்குத் தானாகக் கணக்குப் போடத் தெரியாது. மாறியில் 5+3 என்று வைத்தால் 5+3 என்றே திருப்பித் தரும். "அதுக்கு எல்லாமே எழுத்துதான்பா" என்பார் சார். கூட்ட வேண்டுமென்றால் எக்ஸ்பர் (expr) என்ற கணக்குக் கட்டளையைக் கூப்பிட வேண்டும். மாறியில் மதிப்பை வைக்கும்போது சமக்குறியை ஒட்டி இடம் விடக்கூடாது, எக்ஸ்பரில் கூட்டல்குறிக்கு இருபுறமும் விட்டே ஆக வேண்டும். இரண்டையும் மாற்றிப் போடாதவர் நம்மில் யார்?

பெருக்கலில்தான் நான் மாட்டினேன். எக்ஸ்பர் 5 * 3 என்று அடித்தால் சின்டாக்ஸ் எரர். "சார், மெஷின்ல கோளாறு" என்று லேபுக்கே கேட்கும்படி சொன்னேன். வந்தார். "எக்ஸ்பரை எடுத்துட்டு எக்கோ போடு." போட்டேன். கொடுத்ததை அப்படியே திரையில் காட்டுவதுதான் எக்கோவின் வேலை. முதலில் 5, கடைசியில் 3, நடுவில் என் டைரக்டரியில் இருந்த கோப்புகள் அத்தனையும். கவிதை1, கவிதை2, அப்புறம் அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் பெயரில் ஒரு கோப்பு. அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில் சார் ஒவ்வொன்றாக வாசித்தார். சிரிப்பு அடங்கியதும், "நட்சத்திரத்தை ஷெல் முதல்லயே பிடுங்கி, இங்க இருக்கிற கோப்புப் பேரா மாத்திடும். முன்னாடி பின்சாய்கோடு போடு" என்றுவிட்டு அடுத்த டெர்மினலுக்குப் போய்விட்டார்.

இப்போது ஷெல்லே கணக்குப் போடும் $(( )) உள்ளே நட்சத்திரத்தை அப்படியே போடலாம். பின்சாய்கோடு போட்டால்தான் பிழை. என் கை இன்னும் அதைத்தான் தேடுகிறது.

வெளிநாட்டு வேலைக்கான நேர்முகத்தில் கேட்டதும் இதே பெருக்கல்தான். அன்றிரவே சாருக்கு எழுத உட்கார்ந்தேன். விமான டிக்கெட், வீடு மாற்றம், அப்புறம் பார்க்கலாம் என்று முப்பது வருஷம். மெஷின் மாறும்போதெல்லாம் அந்தக் கடிதத்தின் கோப்பையும் கூடவே நகலெடுத்து வந்திருக்கிறேன். உள்ளே இரண்டே வரி. நேற்று எக்கோ * போட்டுப் பார்த்தேன், அதன் பெயரும் வந்தது.