கருப்பில் ஒரு புள்ளி, சிவப்பில் ஒரு புள்ளி

பல்லாவரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில், ஒரு மாதமாகப் பானை ஓடுகளோடுதான் என் பொழுது போகிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே பல்லாவரம். சொல்லும்போதே எனக்குப் பெருமைதான். என்னிடம் இருப்பவை அகழாய்வுப் புகைப்படங்கள். வெள்ளைத் துணிமேல் இருபது முப்பது ஓடுகள், ஓரத்தில் 10 செ.மீ. அளவுகோல். ஒவ்வொரு ஓட்டையும் தனியாகப் பிரித்து அட்டவணையில் ஏற்ற வேண்டும்.

முன்பெல்லாம் மவுஸால் சுற்றிச் சுற்றி வரைவேன். ஒரு படத்துக்கே முக்கால் மணி நேரம் ஆகும். இப்போது மெட்டா 2023இல் வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங்’ என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் துணைக்கு இருக்கிறது. 1.1 கோடி படங்களில் பழகியது. ஓட்டின்மேல் ஒரு கிளிக், விளிம்பு வந்துவிடும். ஓட்டின் கனமும் வாய் வளைவும் அதில் வராது; குறுக்குவெட்டை இன்னும் பென்சிலால்தான் வரைகிறோம்.

கருப்பு-சிவப்பு ஓடு வந்தால் மட்டும் மாடல் தடுமாறுகிறது. கருப்பு தனி, சிவப்பு தனி என்று ஒரே ஓட்டை இரண்டாக அறுத்துவிடுகிறது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் புகாத உள்பக்கமும் வாயும் கருத்து, காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்தது என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? கருப்பில் ஒரு புள்ளி, சிவப்பில் ஒரு புள்ளி வைத்தேன். சரி, ஒன்றாகிவிட்டது.

என்னைப் பயமுறுத்தியது கீறல்தான். அந்தக் காலத்தவர் பானைமேல் கீறிவைத்த குறியீடுகளைக் கண்டுபிடிக்கவென்று யூ-நெட் மாடல் ஒன்றை நாங்களே பழக்கியிருக்கிறோம். மருத்துவப் படங்களுக்காக 2015இல் வந்த அமைப்பு அது. குறைந்த படங்களிலேயே பழகிவிடும். போன வாரம் ஓர் ஓட்டில் மூன்று கோடுகளைச் சேர்த்து ஒரே குறியீடாகக் காட்டியது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கோடுகளின் பள்ளத்தில் மண் இறுகிக் கிடந்தது. மூன்றாவது வெளிறிப்போய், உள்ளே ஒரு துளி மண்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. அந்த அகழாய்வுக் குழியைக் கவனித்துக்கொண்டவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, மூணாவது கோடு தோண்டும்போது கரணை பட்டதுதானே?”

“ஆமாம்மா. அன்னைக்கே நோட்டில் எழுதியிருக்கேன், பாரு.”

நோட்டின் ஸ்கேனைத் திறந்தேன். ஓட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘புதுக் கீறல்’ என்று எழுதியிருந்தார். பார்க்காமல் விட்டிருந்தால் யாருமே வரையாத ஒரு குறியீடு அட்டவணையில் ஏறியிருக்கும். அன்று இரவே ‘புதுக் கீறல்: உண்டு / இல்லை’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து, முதல் ஓட்டிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினேன். இன்னும் முடியவில்லை.