ஆடியைத் தாண்டும் குடும்பங்கள்

சேலத்தில் ஒரு கூலிக் குடும்பம் சொந்தக் காலில் நிற்கிறதா என்பதை அதன் மாத வருமானத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஆடி மாதத்தை அது எப்படிக் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கு வழக்குகளைப் பார்த்துவருகிறேன். அங்கே வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை வெள்ளிக் கொலுசுத் தொழிலை நம்பியவை, மற்றவை விசைத்தறிக் கூலியை நம்பியவை. எந்தக் குடும்பத்தின் கடன் கதையைக் கேட்டாலும் அதில் ஓர் ஆடி மாதம் வராமல் போவதில்லை.

காரணம் எளிமையானது. ஆடியில் நம் பக்கம் கல்யாணம் கிடையாது. சேலத்துக் கொலுசு அதிகம் போகும் வடமாநிலங்களிலும் மழைக்காலத்தில் முகூர்த்தங்கள் அருகிவிடுகின்றன. பட்டறைகளுக்கு ஆர்டர் குறைந்தால், பள்ளப்பட்டியிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்ணி கோர்க்கும் பெண்களுக்கு வரும் வெள்ளியின் எடையும் குறைகிறது. கூலி எடைக்குத்தான் என்பதால் வருமானமும் அதே அளவுக்கு இறங்குகிறது. செலவோ அந்த மாதத்தில்தான் ஏறுகிறது. கோட்டை மாரியம்மனில் தொடங்கி, அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊரின் எல்லா மாரியம்மன்களுக்கும் திருவிழா. வீட்டுக்கு வீடு பொங்கல், உறவுக்காரர்கள், குழந்தைகளுக்குப் புதுத்துணி, குகையில் வண்டி வேடிக்கை. அதற்கு முந்தைய மாதம்தான் பள்ளிக்கூடம் திறந்து நோட்டு, காலணி, வேன் கட்டணம் என்று கையிருப்பைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும். ‘திருவிழாவுக்குக் கடன் வாங்காதீர்கள்’ என்று ஆலோசனை சொல்ல வரும் வெளியூர்ப் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மகள் வீட்டார் வந்து நிற்கும்போது அடுப்பு எரியாமல் இருப்பது எந்தக் குடும்பத்துக்கும் முடிகிற காரியமில்லை.

இந்தப் பள்ளத்தை நிரப்ப மூன்று வகைக் கடன்கள் கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கின்றன. முதலாவது தண்டல். பத்தாயிரம் ரூபாய் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, தினமும் நூறு ரூபாயாக நூறு நாளில் வசூலித்துவிடுவார்கள். வாங்குகிறவர்களுக்கு அது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் செலவாக மட்டுமே தெரிகிறது. ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். இரண்டாவது, பெண்களைக் குழுவாக உட்காரவைத்துக் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்களின் வாரக் கடன். மூன்றாவது, பட்டறைக்காரரிடமே வாங்கும் முன்பணம். இதற்கு வட்டி கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், அதன் விலை வேறு இடத்தில் இருக்கிறது. முன்பணம் தீரும்வரை கூலியை உயர்த்திக் கேட்க முடியாது, பக்கத்துப் பட்டறையில் கூடுதலாகக் கொடுத்தாலும் போக முடியாது, வேலையில் வீணான வெள்ளிக்குச் சேதாரம் என்று கூலியில் எவ்வளவு பிடித்தாலும் எதிர்த்துக் கேட்க வாய் வராது. வாங்கிய முன்பணத்துக்காக விரும்பிய இடத்தில் வேலை பார்க்கும் சுதந்திரத்தை ஒருவர் இழப்பதை, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமை முறையின் அடையாளங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரை உச்சரித்தால் பட்டறைக்காரர், தொழிலாளி இருவருமே நம்மைப் பகையாளியாகப் பார்ப்பார்கள் என்பதும் நடைமுறை உண்மை.

எங்கள் அறக்கட்டளை ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும்போது முதலில் கொடுப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் வரவு, செலவு, கடன் மூன்றையும் அன்றன்று எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதும். அப்படி ஒரு பிள்ளை எழுதிய நோட்டு என் மேசைக்கு வந்தது. இடப்பக்கத்தில், சனிக்கிழமைதோறும் பட்டறையில் தந்த கூலி. வலப்பக்கத்தில் அரிசி, கேஸ், பேருந்து, தண்டல், வாரக் கடன், மறுபடியும் தண்டல். ஒரே வீட்டில் இரண்டு தண்டல் ஓடியிருக்கிறது, இரண்டாவதை வாங்கியதே முதலாவதின் தவணையைக் கட்டுவதற்குத்தான். அந்தப் பையன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டல் போட்டு, குறைகிற தொகையை சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தான். அவனுடைய அம்மா அந்த வட்டங்களை விரலால் தொட்டுக்கொண்டே, “ஏனுங்க மேடம், கூலி வந்த வாரத்துலகூட சிவப்புத்தானுங்களே இருக்குது?” என்று கேட்டார். அவருடைய கூலி மற்றவர்களைவிடக் குறைவானதல்ல. சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை எங்களில் யாரும் சொல்லாமலே அவர் கண்டுகொண்டார்.

ஏழைக் குடும்பங்களுக்கு உதவுவது என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வருவது தையல் இயந்திரம். மேடை, பேனர், வரிசையாக இயந்திரங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண்மணி, புகைப்படம். கொடுப்பவர்களின் மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே தெருவில் ஆறு வீட்டுக்குத் தையல் இயந்திரம் வந்தால், அந்தத் தெருவுக்கு எத்தனை ரவிக்கை தைக்க வேண்டியிருக்கிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? சில மாதங்களில் அவற்றில் பாதி துணி போர்த்திக் கிடக்கும், மீதி தண்டல்காரருக்கு அடமானமாகப் போகும்.

பொருளைக் கொடுப்பதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002ஆம் ஆண்டில், மிக வறிய குடும்பங்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆடு, மாடு போன்ற ஏதாவது ஒரு சொத்து, அதைப் பராமரிக்கப் பயிற்சி, அது வருமானம் தரத் தொடங்கும்வரை சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு சிறு தொகை, சேமிக்க ஒரு வழி, இவற்றோடு அடிக்கடி வீட்டுக்கே வந்து பேசும் ஒரு பணியாளர் என்று எல்லாவற்றையும் சுமார் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்தே கொடுப்பதுதான் அதன் முறை. இதே முறையை இந்தியா (மேற்கு வங்கம்) உட்பட ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளியானது. பின்னர் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதை நடத்திய குழுவில் இருந்தவர்கள். உதவி நின்று ஓராண்டு கழிந்த பிறகும் அந்தக் குடும்பங்கள் ஒட்டுமொத்தமாகப் பழைய நிலைக்குச் சரியவில்லை என்பது அதன் முக்கியமான முடிவு. ஹோண்டுராஸ் நாட்டில் மட்டும் சொத்துப் பெருக்கம் நிலைக்கவில்லை, ஏனென்றால் அங்கே பலர் கோழிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்தக் கோழிகள் நோயில் செத்துப்போயின. எங்கள் ஊர்த் தையல் இயந்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹோண்டுராஸ் கோழிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஆகவே எங்கள் அறக்கட்டளை செய்யும் வேலைகளில் பெரும்பகுதி, புகைப்படம் எடுத்தால் அழகாக இருக்காத வேலைகள். வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குக் கூடப் போவது, கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்குவது, ஆதாரில் ஒரு பெயரும் ரேஷன் கார்டில் இன்னொரு பெயரும் இருப்பதைத் திருத்துவது. இவை அற்பமானவை அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். சான்றுக்கு மூன்று அலுவலகம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறினால் அன்றைய கூலி போகும். அந்த ஒரு நாள் கூலிக்குப் பயந்து அட்டை வாங்காமல் விட்ட குடும்பம், வீட்டுத் தலைவருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் மூன்று வட்டிக்கு ஓடியிருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் அப்படித்தான்: பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று எவ்வளவோ இருந்தும், புதுப்பிக்காத அட்டை பீரோவுக்குள் பழைய கல்யாணப் பத்திரிகைகளோடு கிடக்கும்.

சேமிப்பைப் பொறுத்தவரை எங்களுக்கு வழி புதிதல்ல. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989ஆம் ஆண்டில் பக்கத்துத் தருமபுரியில்தான் தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் தொடங்கின, அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் வந்தன. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியபோது, கவுண்டருக்கு எதிரே கூச்சத்தோடு வந்து நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு முதல் இருபது பேர், வாரம் தவறாத கூட்டம், சிறு சேமிப்பு, அதற்குள்ளேயே கடன், நேர்மையான பதிவேடு. தண்டலோடு ஒப்பிட்டால் குழுவின் உள்கடன் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு ரூபாய்தான். அதிலும் அந்த வட்டி வெளியே போகாமல் குழுவுக்கே திரும்புகிறது. காலப்போக்கில் பல குழுக்கள் வங்கிக் கடன் வாங்கிப் பிரித்துக்கொள்வதற்கு மட்டுமே கூடும் குழுக்களாகிவிட்டன என்பது என் வருத்தம். ஆகவே நாங்கள் அதில் ஒன்றை மட்டும் மாற்றினோம். தீபாவளிக்கு முன்னும் தை, மாசியிலும் வேலை நெருக்கடியாக இருக்கும் மாதங்களில் சேமிப்புத் தொகை கூடுதல், வைகாசியில் குறைவு, ஆனியிலும் ஆடியிலும் சேமிப்பே கிடையாது, எடுக்க மட்டும்தான். ஆண்டு முழுவதும் ஒரே தொகை என்பது மாதச் சம்பளக்காரர்கள் வகுத்த விதி. கூலிக்காரர்களின் வருமானம் மேட்டூர் அணையின் நீர்மட்டம்போல ஏறி இறங்குவது. அதற்கேற்ற கதவு வேண்டும்.

நுண்கடன் நிறுவனங்களை ஒரேயடியாகத் துரத்த முடியாது, அதை நாங்கள் முயல்வதும் இல்லை. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஆறு மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து நோட்டின் பின்னட்டையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்கும் வசூல் பையனிடம் அந்த நோட்டைத் திருப்பிக் காட்டும் துணிச்சல் சில அக்காக்களுக்கு வந்திருக்கிறது. அந்தப் பையனும் ஏதோ ஒரு கூலி வீட்டுப் பிள்ளைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யாரும் அதிகம் பேசாத இன்னொரு சங்கடம் உண்டு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வந்தபோது, மாதம் பிறந்தால் ஆயிரம் ரூபாய் உறுதியாக வரும் என்பது இந்தக் குடும்பங்களுக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது. வாரக் கடனின் ஒரு தவணை அதிலேயே அடைந்துவிடும். அதற்குக் குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுக்கு வரம்பு இன்னும் தாழ்வு. கணவன், மனைவி, வேலைக்குப் போகத் தொடங்கிய மகன் என்று மூன்று பேரின் கூலி சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டும் நிலைக்கு வரும்போது, குடும்பத்தில் மகிழ்ச்சியைவிடப் பயமே முந்திக்கொண்டு வருகிறது. கூலியை வங்கிக் கணக்கில் வாங்க மறுக்கிறார்கள், சொந்தமாக ஒரு சிறு பட்டறை போட, சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு எடுக்கலாம் என்றால் தயங்குகிறார்கள். வரம்புக்குச் சற்று மேலே போகும் குடும்பத்துக்கு ஓரிரு ஆண்டு அவகாசம் கொடுத்துப் படிப்படியாக உதவியைக் குறைக்கும் ஏற்பாடு இருந்தால் இந்தத் தயக்கம் பெருமளவு நீங்கும் என்பது என் கருத்து.

இவ்வளவையும் செய்வது இரண்டு களப்பணியாளர்கள். இருவரும் இந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவர்கள், இருவரின் அம்மாக்களும் கண்ணி கோர்த்தவர்கள். எந்த வீட்டில் என்ன நேரத்தில் போனால் பேச முடியும், எந்த வீட்டில் மாமியார் தூங்கிய பிறகுதான் நோட்டை எடுப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நன்கொடையாளர்களிடம் போனால், நோட்டுப் புத்தகத்துக்குத் தருகிறேன், இயந்திரத்துக்குத் தருகிறேன் என்கிறார்களே தவிர, இந்த இருவரின் சம்பளத்துக்குத் தர மனம் வருவதில்லை. ‘நிர்வாகச் செலவு’ என்று அதைத் தனிக் கட்டத்தில் போட்டுக் குறைக்கச் சொல்கிறார்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளும் அதிகாரிகளும் முதலில் கேட்பது பயனாளிகளின் எண்ணிக்கையைத்தான். ஒரு குடும்பத்தோடு இரண்டு ஆண்டு நடப்பதை அந்தக் கட்டத்தில் ‘ஒன்று’ என்றுதான் எழுத முடிகிறது.

2025இல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனபோது எங்கள் ஏற்பாடுகளுக்குச் சோதனை வந்தது. விலை ஏறினால் தொழிலாளிக்கு லாபம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கக்கூடும். எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு விலையேற்றத்தில் ஒரு பைசா பங்கில்லை. வாங்குபவர்கள் எடை குறைந்த கொலுசாகக் கேட்பதால் கைக்கு வரும் வெள்ளி குறைந்ததுதான் மிச்சம். சேதாரத்தில் ஒரு கிராம் கூடினாலும் பிடித்தம் முன்பைவிடப் பெரிதாகியது. அந்த ஆடியில் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளித்த குடும்பங்களும் உண்டு, மறுபடியும் முன்பணத்துக்குப் போன குடும்பங்களும் உண்டு.

முன்பணத்தை அறவே ஒழிக்க இப்போதைக்கு எங்களால் ஆகாது. எனவே, கொடுத்த தொகை, பிடித்த தொகை, மீதி, சேதார எடை ஆகிய நான்கையும் வாரந்தோறும் ஒரு சீட்டில் எழுதித் தரும்படி பட்டறைக்காரர்களிடம் கேட்டுவருகிறோம். சிலர் ஒப்புக்கொண்டு தருகிறார்கள். சிலர், “எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சீட்டு தரும் பட்டறைகளில் வேலை பார்க்கும் குடும்பங்களின் நோட்டில் முன்பண மீதி எவ்வளவு என்பது இப்போது தெளிவாக இருக்கிறது. தராத இடங்களில், அக்காக்கள் தாங்களே எடையை எழுதிக்கொண்டு வந்து மாதக் கடைசியில் பட்டறைக் கணக்கோடு ஒத்துப்பார்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஆடிக்குள் எல்லா நோட்டுகளிலும் அந்த நான்கு கட்டங்களும் நிரம்பியிருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் வேலை.