வெள்ளை ஒளிக்குள் ஓர் இரைச்சல்

மார்ச் 3
லேசரின் ஒற்றை நிறத்தைக் கண்ணாடி இழைக்குள் (ஃபைபர்) வெள்ளை ஒளியாக விரிக்க வேண்டும். நாள் முழுக்க லேசரை ஃபைபருக்குள் செலுத்தும் வேலைதான். 800 நானோமீட்டர் அலைநீளம், 100 ஃபெம்டோவிநாடி பல்ஸ், அதாவது மிக மிகக் குறுகிய ஒளித் துடிப்பு. இது நெடுக நுண்துளைகள் ஓடும் ஃபோட்டானிக் கிரிஸ்டல் ஃபைபர்; ஒளி ஓடும் நடுப்பகுதியான உள்ளகம் 2 மைக்ரான் கூட இல்லை. திருகை இம்மி நகர்த்தினாலும் ஒளி தப்பிவிடுகிறது. மாலையில்தான் வெள்ளைத் தாளில் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. பவரைக் கூட்டக் கூட்ட ஆரஞ்சு, பச்சை, அப்புறம் வெண்மை. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

மார்ச் 4
வெளிச்சம் பாதியாகிவிட்டது. நுனியில் தூசி என்று ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். செய்திருக்கக் கூடாது. உள்ளகத்தைச் சுற்றியிருக்கும் காற்றுத் துளைகள் அதை உறிஞ்சிக்கொண்டன. துளைகளில் காற்று இருந்தால்தான் ஒளி நடுவில் அடைபட்டுக் கிடக்கும். நனைந்த பகுதியை வெட்டிப் போட்டு, புது நுனி எடுத்தேன்.

மார்ச் 6
சாதாரண சிலிக்கா கண்ணாடியில் நிறப்பிரிகை (நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறி பல்ஸ் பரவுவது) பூஜ்யமாவது 1270 நானோமீட்டர் பக்கத்தில். இந்தத் துளைகள் அதை 800-க்கும் கீழே இறக்கிவிடுகின்றன. அதனால் பல்ஸ் பரவிக் கரையாமல் முதலில் இறுகுகிறது, பிறகு சாலிட்டன்களாக, அதாவது வடிவம் குலையாமல் ஓடும் பல்ஸ்களாக, உடைகிறது. கண்ணாடி மூலக்கூறுகளின் அதிர்வுக்கு ஒளி ஆற்றலை இழக்கும் ராமன் விளைவில் அவை சிவப்பை நோக்கி நகர்கின்றன. நீலப் பக்கத்தில் தனியே அலைகள் பிறக்கின்றன. ரங்கா, விண்டலர், ஸ்டென்ட்ஸ் மூவரும் 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், வெறும் 75 சென்டிமீட்டர் ஃபைபரில் ஒளி 400 முதல் 1600 நானோமீட்டர் வரை விரிந்தது. ஹாலுக்கும் ஹென்ஷுக்கும் 2005-இல் நோபல் கிடைத்த அதிர்வெண் சீப்பு (ஒளியின் அதிர்வெண்ணை அளக்க, சீப்புப் பற்கள் போல் சம இடைவெளியில் நிற்கும் நிறக் கோடுகள்) வேலைக்கு இந்த விரிவு பெரிய துணை.

மார்ச் 9
எந்த நிறம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வளைவு வழவழவென்று இருக்கிறது. ஆனால் அது கோடிக்கணக்கான பல்ஸ்களின் சராசரி. ஒரு நிறத்தை மட்டும் வடிகட்டி வேகமான ஃபோட்டோடயோடில் (ஒளியை மின்சாரமாக்கும் உணரி) பார்த்தேன்: ஒரு பல்ஸ் உயரம், அடுத்தது குட்டை, அதற்கடுத்தது இன்னும் குட்டை. காரணம், ஒளி லேசருக்குத் திரும்பாமல் தடுக்க வழியில் வைத்த ஐசொலேட்டரின் தடித்த கண்ணாடி பல்ஸை நீட்டிவிடுகிறது. பல்ஸ் நீளமானால், சாலிட்டன்களாக உடைவதற்குள் குவாண்டம் இரைச்சல் (ஒளியில் இயல்பாகவே இருக்கும் தற்செயல் ஏற்ற இறக்கம்) வளர்ந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். நாங்கள் இத்தனை நாள் நிறப்பட்டையின் அகலத்தையே அளந்து கொண்டாடியிருக்கிறோம்.

மார்ச் 11
பின்தங்கிய நிறங்களை ஒன்றுசேர்க்கும் ப்ரிஸம் ஜோடி வைத்துப் பல்ஸைச் சுருக்கினேன். பல்ஸ் உயரத்தின் துள்ளல் குறைந்தது, போகவில்லை.

மார்ச் 12
வேறு ஃபைபர். இதில் எங்கள் பட்டை முழுவதும் நிறப்பிரிகை இயல்பு வகைதான் (சிவப்பு முந்தும், நீலம் பிந்தும்), பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. சாலிட்டன் உருவாக வழியில்லை, உடைவதற்கும் ஒன்றுமில்லை. அகலம் பாதிகூடத் தேறவில்லை, சரி, இருக்கட்டும். டயோடில் பல்ஸ்கள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. அளவீட்டுக்கு இதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.